மத்தியானத்தில் அடைத்த காற்று

தொழிற்சாலைச் சட்டத்தில் அழுத்தக் கலங்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தில் இயங்கும் எந்தக் கலமும் அதற்கு வகுத்த பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. அதன் கீழ் வரும் விதிகள், தகுதி பெற்ற ஒருவர் குறிப்பிட்ட இடைவெளிகளில் கலத்தை வெளியேயும் உள்ளேயும் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில், சோபாக் கடைக்குப் பின்னால் நின்ற டேங்குக்கு இது பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. கடையில் வேலை செய்தவர் ஒரே ஒருவர். ஒற்றை ஆளைச் சட்டம் தொழிற்சாலையாக மதிப்பதில்லை. அந்தக் கலம் வெடித்தால் மேலே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று அது கேட்பதும் இல்லை.

எனக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் காற்றும் நீராவியும் என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு, தொழிற்சாலைச் சங்கு காதில் விழும் தூரத்திலேயே ஒரு வீடு வாங்கினேன். அந்த அடுக்ககத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். குடிநீர்க் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் மூன்று பிரதிகளில் புகார் எழுதுகிற கூட்டம். என்னை நலச்சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். மற்றவர்கள் எழுதும் புகார்களை இன்னொருவர் படிக்க வேண்டும் அல்லவா.

சோபாக் கடைக்காரர் பூந்தமல்லிக்காரர். எங்களுக்கு அவர் பாய். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்குவார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்று சாயங்காலம் சோபாவைக் கொடுத்தால் நாளை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிடும். இதுதான் அவர் எடுத்த நல்ல பெயருக்குக் காரணம். கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஒரு குடும்பம் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும், இரண்டு நாள் பொறுக்காது என்பார். சோபாவை வாங்கிய கையோடு அளவெடுத்து, ரெக்ஸினோ துணியோ சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார். மறுநாள் காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவர் மனைவி உறை தைக்க உட்காருவார். இங்கே இவர் பழைய துணியை உரித்து, உளுத்த சட்டத்தைச் சரிசெய்து, ஃபோமை வெட்டி ஒட்டி வைப்பார். மூன்றரை மணிக்குத் தைத்த உறைகள் சாக்குப் பையில் ஷேர் ஆட்டோ ஏறி ஆவடி வந்து சேரும். உறையை இழுத்துப் பிடித்துச் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் வேலை அதற்குப் பிறகுதான். கடையில் ஒரு சோபாவுக்கு மேல் இடம் கிடையாது; அதனால் வேலையை அடுத்த நாள் காலைக்குத் தள்ளவும் வழியில்லை.

பின் அடிக்கும் துப்பாக்கி காற்றில் இயங்குவது. அதற்கு ஒரு கம்ப்ரஸர். சின்னதுதான், ஆனால் ஓடும்போது தெருமுனை வரை எல்லாருக்கும் தகவல் சொல்லும்.

கடைக்கு நேர் மேலே, முதல் தளத்தில் ஒரு கணக்கு டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். அவருடைய புகார் ஒரே பக்கம்தான், பிழையே இல்லை. தரை அதிர்வதால் பிள்ளைகள் காம்பஸில் வட்டம் போட்டால் கோழிமுட்டை வருகிறது என்று எழுதியிருந்தார். நலச்சங்க விதிகளைப் பார்த்தேன். அவர் பக்கம்தான் நியாயம். நோட்டீஸை நானே எழுதினேன். மாலை நாலு மணிக்கு மேல் கம்ப்ரஸர் ஓடக் கூடாது. மீறினால், ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி முடியும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று கடையின் உரிமையாளருக்குச் சங்கம் எழுதும். உரிமையாளர் ஓசூரில் இருந்தார். கடையை வாங்கியதோடு சரி, அதைப் பற்றி யார் என்ன எழுதினாலும் சங்கத்தின் கருத்துப்படி நடப்பவர்.

மறுநாள் காலை பாய் என் வீட்டு வாசலில் நின்றார்.

“சார், நோட்டீசு ஒட்டிகினு போயிருக்காங்க.”

“நான்தான் ஒட்டினேன்.”

“அது தெரியும் சார். கீழ கையெழுத்து உங்களுதுதான். அதான் உங்க கைலயே கேட்டுக்கலாம்னு வந்தேன். நான் இப்ப இன்னா பண்றது?”

நோட்டீஸ் வாங்கியவர்கள் என் முப்பத்துநாலு வருடப் பணியில் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். சுத்தியலால் ஆணி அடித்துப் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு டீச்சர், கம்ப்ரஸரே தேவலை என்று மேலிருந்து குரல் கொடுத்தாராம். சத்தமில்லாத கம்ப்ரஸர் என்று கடையில் விற்பதையும் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதன் சத்தம் குறைச்சல், அதிர்வு அதே. இந்த இடம் போனால் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போய்விடலாமே என்றேன்.

“அங்க நம்மாளுங்க கடையே நாப்பது கீது சார். நாப்பத்தி ஒண்ணாவதா போயி உக்காந்துகினு இன்னா பண்ணுவேன்? இங்க ஆவடியிலதான் எனக்குப் பேரு கீது.”

அப்போது எங்கள் வீட்டில் இன்னொருவரும் இருந்தார். தொழிற்சாலையின் கம்ப்ரஸர் ஹவுஸில் இருபத்தெட்டு வருடம் ஆபரேட்டராக, அதில் கடைசிப் பதினோரு வருடம் என் கீழ், வேலை பார்த்தவர். இப்போது பின் பிளாக்கில் குடியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடி அவருக்கு எல்லாம் கொடுத்தது, பேச்சை மட்டும் மாற்ற முடியவில்லை. தினமும் காலையில் என் பேப்பரை என்னைவிட முன்னால் படிப்பதற்காக வருவார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

“காத்த மத்தியானமே பிடிச்சு வச்சா என்ன சார்? டீச்சரம்மா பதினொரு மணிக்கு மார்க்கெட்டு, பேங்குன்னு போயிருதாங்க. அப்ப மெசின ஓட்டி ரிசீவர் டேங்க நெரப்பிருவோம். சாயங்காலம் மெசின் எதுக்கு? காத்துதான வேணும்.”

உலகத்தில் பெரிய பெரிய மின் நிலையங்கள் யோசித்துச் செய்கிற காரியத்தை அவர் என் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டார். வெளிநாடுகளில் பூமிக்கடியில் உப்புப் பாறையைத் தண்ணீரால் கரைத்துக் குகைகள் செய்கிறார்கள். யாருக்கும் வேண்டாத நேரத்து மின்சாரத்தால் கம்ப்ரஸரை ஓட்டி, அந்தக் குகையில் காற்றைத் திணிக்கிறார்கள். எல்லாருக்கும் மின்சாரம் வேண்டிய நேரத்தில் காற்றைத் திறந்துவிட்டு டர்பைனைச் சுற்றுகிறார்கள். மின்சாரத்தை அப்படியே குடத்தில் பிடித்து வைக்க முடியாது; காற்றைப் பிடித்து வைக்கலாம். எங்களுக்குக் குகை இல்லை. ஆனால் பக்கத்து ஊரான பாடியில் பழைய இரும்பு மண்டி இருக்கிறது.

மூடிப்போன ஏதோ ஒரு பட்டறையின் டேங்க் அங்கே கிடைத்தது. ஆள் உயரத்துக்குமேல் நிற்கும், ஆயிரம் லிட்டர் கொள்ளும். பித்தளைத் தகட்டில் பத்து கிலோ என்று வெட்டியிருந்தது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பத்து கிலோ எடையின் அழுத்தத்தை அது தாங்கும் என்று பொருள். பாய் அதைச் சுற்றி வந்து, வாங்கப் போகும் ஆட்டைப் பார்ப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார்.

“நல்லாத்தான் கீது. மாட்டிடலாமா?”

நான் விடவில்லை. எந்த விதியும் பொருந்தாது என்பதற்காக, பொருந்தியிருக்க வேண்டிய விதியை விட்டுவிட முடியாது. பழைய டேங்கைக் காற்றால் நிரப்பிச் சோதிக்கக் கூடாது, தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும். தண்ணீர் அழுத்தினால் சுருங்காது, அதனால் அதில் சக்தி சேராது. தகடு விரிந்தால் நாலு சொட்டுக் கசியும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று சுருங்கி உட்கார்ந்திருக்கும். தகடு விட்டுக்கொடுத்த நொடியில், சுருங்கிய காற்று முழுவதும் ஒரே சமயத்தில் விரியப் பார்க்கும். அதற்குப் பெயர் கசிவு இல்லை.

டேங்கை வாய்வரை தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பால் பதினைந்து கிலோவுக்கு ஏற்றி, அரை மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். முள் அசையவில்லை. மேலே பால்கனியிலிருந்து டீச்சர் அசைந்தார்.

“செக்ரட்டரி சார், போர்வெல்லை மத்தியானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. கையெழுத்து யாருதுன்னு தெரியலை.”

என் அலுவலகக் காலத்தில் பழக்கமான பரிசோதகர் ஒருவர், தகட்டின் கனத்தை மீட்டர் வைத்து அளந்தார். சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்த்தார். சான்றிதழில் தொழிற்சாலையின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். சோபா என்று எழுதச் சொன்னேன்.

இங்கே எங்கள் ஆபரேட்டரின் ஆசை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டேங்க் நிரம்பியதும் அதிலிருந்து மின்சாரமும் எடுத்து, கரண்ட் போனால் மாடிப்படிக்கு விளக்குப் போடலாம் என்று அவர் நினைத்தார். நான் பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்த டேங்க் முழுக்கப் பத்து கிலோவுக்கு அடைத்தால், அதில் உட்காரும் சக்தி மொத்தமாக அரை யூனிட் மின்சாரம்கூட இல்லை.

“ஆளு ஒசரம் இருக்கு, அரை யூனிட்டா?” அவருக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. “ஒரு ஃபேன் எத்தன நேரம் ஓடும்?”

“ஆறு மணி நேரம். அதுவும் ஒரு துளி வீணாகாமல் எடுத்தால். நீங்கள் எடுத்தால் அரை மணி நேரம்.”

ரோஷம் வந்துவிட்டது. இரும்பு தேய்க்கிற, காற்றில் சுற்றும் கிரைண்டர் ஒன்றின் மூக்கில், பழைய பைக்கில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கட்டி, அதில் ஒரு சின்ன விளக்கை மாட்டினார். வால்வைத் திறந்தார். விளக்கு எரிந்தது. பாய் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் கிரைண்டரின் வாயில் வெள்ளையாக ஏதோ படிந்தது. தொட்டுப் பார்த்தால் பனி. நவம்பர் மாத ஆவடியில், வியர்வை வழிகிற கையில் பனி. பிறகு கிரைண்டர் முனகி நின்றுவிட்டது.

காற்றை அழுத்தினால் சூடாகும்; சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பின் அடியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். எங்கள் கம்ப்ரஸர் ஓடும்போதும் அதன் குழாயில் கை வைக்க முடியாது. அந்தச் சூடு நாம் கொடுத்த மின்சாரத்தின் பங்குதான். டேங்கில் காற்று ஆற ஆற அது சுவர் வழியாக ஊருக்குப் போய்விடுகிறது. திறந்துவிடும்போது காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சூடு கையில் இல்லை, அதனால் குளிர்ந்து, தன்னிடமுள்ள ஈரத்தைப் பனியாக்கி, வெளியே வரும் வழியையே அடைத்துக்கொள்கிறது. பெரிய நிலையங்களிலும் இதே தொல்லைதான். அங்கே எரிவாயுவைக் கொளுத்திக் காற்றைச் சூடாக்கி டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். புதிதாக வந்தவர்கள், அழுத்தும்போது வரும் சூட்டையே கற்களிலோ எண்ணெயிலோ பத்திரப்படுத்தி, திறக்கும்போது அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சோபாக் கடையில் அதற்கெல்லாம் வழியில்லை. வழி தேவையும் இல்லை. காற்றை மறுபடி மின்சாரமாக்கினால்தான் இந்த நஷ்டமெல்லாம் பெரிதாக உறைக்கும். பாய்க்கு வேண்டியது காற்று. பத்து கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்கு இறங்கும்வரை அவர் துப்பாக்கி சுணங்காமல் அடிக்கும். அதற்குள் ஒரு சோபாவுக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு பின் அடித்துவிடலாம்.

இதையெல்லாம் டீச்சரிடம் விளக்கினேன். கணக்கு டீச்சர் அல்லவா, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நாலு மணிக்கு மேல மெஷின் ஓடாதா, ஓடுமா?”

“ஓடாது.”

“மூணு வாரம் பார்க்கிறேன். தரை அதிரலைன்னா ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தர்றேன். மார்ச்ல பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை, வட்டம் வட்டமா இருக்கணும்.”

டிசம்பர் முதல் திங்கட்கிழமை சோதனை ஓட்டம் ஆரம்பமானது. கம்ப்ரஸருக்கு ஒரு டைமர் வைத்தோம். பதினொரு மணிக்குத் தானே ஓடும், ஒன்றரைக்குத் தானே நிற்கும். டேங்கின் பொறுப்பை ஆபரேட்டரிடம் கொடுத்தேன். தொழிற்சாலையில் செய்ததைப் போலவே லாக் புத்தகம் எழுத வேண்டும், வாரக் கடைசியில் நான் பார்த்துக் கையெழுத்திடுவேன் என்று உத்தரவிட்டேன். அவர் முகத்தில் ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு களை வந்தது. மறுநாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் நாள் ஒன்றரைக்கு முள் பத்தில் நின்றது. நாலு மணிக்கும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. பாய் கொஞ்சம் பின் அடித்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்கு வந்து துப்பாக்கியை எடுத்தால், புஸ் என்று ஒரு பெருமூச்சு. முள் பூஜ்யத்தில் இருந்தது.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். சொன்ன தேதியைத் தவறவிடக் கூடாது என்று பாய் ஒரு நாள் கையால் ஆணி அடித்தார், மேலே ஒரு வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு வந்தது. இன்னொரு நாள் ஐந்து நிமிஷம் கம்ப்ரஸரைப் போட்டார். டீச்சர் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டுக்கொண்டதாகக் கேள்வி. அந்த வாரம் இரண்டு வீடுகளுக்குச் சோபா ஒரு நாள் தாமதமாகப் போனது. அதில் ஒரு வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாரைக் கோரைப்பாயில் உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது என்று தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார்.

நான் விஞ்ஞான முறைப்படி இறங்கினேன். சோப்பு நுரையைக் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வுகளுக்குப் புதிய வாஷர் போட்டேன். சூடான காற்று ஆறும்போது அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்று விளக்கினேன். அது பூஜ்யம் வரை இறங்காது என்று எனக்கே தெரியும். மத்தியானம் எத்தனை நேரம் பார்த்தாலும் காற்று நின்றது, மாலையில்தான் போனது. மாலையில் நான் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடக்கப் போய்விடுவேன். மருத்துவர் உத்தரவு, மாற்ற முடியாது. அதனால் ஆபரேட்டரை அழைத்து, நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை டேங்கின் பக்கத்திலேயே நின்று கவனிக்கச் சொன்னேன்.

“நிக்கேன் சார். தெனம் நிக்கத்தான செய்யுதேன்.”

“ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா?”

“ஒண்ணும் இல்ல சார். எல்லாம் ரூல் பிரகாரம்தான் இருக்கு.”

முதல் வாரம் இப்படிப் போனது. சனிக்கிழமை லாக் புத்தகத்தில் கையெழுத்திட்டேன். இரண்டாவது வாரமும் போனது, அந்தச் சனிக்கிழமையும் கையெழுத்திட்டேன். பாய் குமணன்சாவடியில் ஒரு ஷெட் காலியாக இருப்பதாகப் பார்த்துவிட்டு வந்தார். ஹைவேயில் லாரிக்குப் பக்கத்தில் சோபாவைக் கொண்டுவந்து யார் இறக்குவார்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றும் அவர் கடை உண்டு. மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார்.

“சார், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. லீக்குக்கு வார லீவு கீதா?”

“என்ன?”

“இன்னிக்குக் காத்து அப்டியே கீது. போன ஞாயித்துக்கெழமயும் கீது. மத்த நாள்லதான் போயிடுது.”

நான் சிரிக்கவில்லை. கீழே இறங்கினோம். டேங்க் பக்கத்தில் ஆணியில் லாக் புத்தகம் தொங்கியது. நான் டேங்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். பாய்க்கு லாக் புத்தகம் என்றால் என்ன மரியாதை என்று தெரியாது. எடுத்துப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“சார்.”

“என்ன?”

“இதுல எழுதியே கீதே சார்.”

வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் கடைசி வரி ஒன்றுதான்: ‘மாலை 4.30. சங்கு. டிரெயின் வால்வு மெதுவாகத் திறந்து ரிசீவர் முழுவதும் காலி செய்யப்பட்டது. அழுத்தம் பூஜ்யம். வால்வு மூடப்பட்டது.’ ஒவ்வொரு வாரத்துக்குக் கீழேயும் ‘பார்வையிட்டேன்’ என்று எழுதி, என் முழுக் கையெழுத்து.

டிரெயின் வால்வு என்பது டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் வால்வு. அழுத்திய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். அதைத் தினமும் சில நொடி திறந்து வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வரும். தொழிற்சாலையில் இதற்குமேல் இன்னொரு உத்தரவும் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும், ஆளில்லாத இடத்தில் அழுத்தத்தோடு கலம் நிற்கக் கூடாது. சங்கு ஊதியதும் முழுக்கக் காலி செய்ய வேண்டும். வேகமாகத் திறந்தால் வால்வு உறையும், அதனால் மெதுவாக, இருபது நிமிடத்துக்குக் குறையாமல்.

ஆபரேட்டரைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கைலியோடு வந்தார்.

“நீங்களா தினமும் காற்றைத் திறந்துவிட்டது?”

“ஆமா சார்.”

“இரண்டு வாரமாக நான் லீக் தேடுகிறேன். ஏன் சொல்லவில்லை?”

“லீக்கு எங்கன்னு கேட்டீங்க. லீக்கு இல்லன்னு சொன்னேன். இது லீக்கு இல்லையே சார், குளோசிங்லா. அதான் எழுதி வச்சிருக்கேன், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“சத்தம் வந்திருக்குமே?”

“பின்னால கால்வாயில கொண்டு விட்டு, குழாயில தேங்கா நார அடச்சிருக்கேன். டீச்சரம்மாவுக்குக் கேக்கக் கூடாதுல்லா.”

பாய் டேங்கின்மேல் சாய்ந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணாத்தே, ராத்திரி சோறு தின்றதுக்குக் காலைலயே ஆக்கி வெச்சு, சாயங்காலம் பானையைக் கழுவிக் கவுத்துட்டியே.”

“உத்தரவு அப்படி.”

“எவன் போட்டான் அந்த உத்தரவ?”

ஆபரேட்டர் என் பக்கம் பார்க்காமல் குனிந்து டிரெயின் வால்வைத் துடைத்தார். விசுவாசம் என்றால் அதுதான். நானே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நிலையாணையை எழுதிச் சுவரில் ஒட்டியது நான். ‘இருபது நிமிடத்துக்குக் குறையாமல்’ என்ற சொற்களைச் சேர்த்ததற்காக மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். சங்கு ஊதினால் அந்தக் கை வால்வுக்குப் போகும். அது எந்த டேங்க், யாருடைய காற்று, எதற்காகப் பிடித்து வைத்தது என்று கை கேட்காது. அப்படிக் கேட்காத கை வேண்டும் என்று பதினோரு வருடம் அதைப் பழக்கியவன் நான்தான்.

அன்றைக்கே புதிய உத்தரவு எழுதினேன்: டிரெயின் வால்வைக் காலையில் மட்டும், தண்ணீர் வடியும் வரை, ஐந்து நொடி திறக்க வேண்டும். சங்குக்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. அவர் வாங்கிப் படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “நாலரைக்கு நான் என்ன சார் செய்யணும்?” என்றார். அவருக்கு ஏதாவது எழுத வேண்டியிருந்தது. அழுத்தத்தைப் பார்த்து லாக்கில் பதியவும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

மூன்றாவது வாரம் காற்று நின்றது. நாலு மணிக்குக் கம்ப்ரஸர் ஊமையாக நின்றிருக்க, கடையில் துப்பாக்கி டப் டப் என்று தும்மியது. ஒரு சோபா முடியும்போது முள் ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. சங்கு ஊதியதும் ஆபரேட்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். நானும் ஏரிக்குப் போகும் நேரத்தை ஒரு மணி தள்ளிப் போட்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. இந்த முறை லாக்கை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். டீச்சர் சனிக்கிழமை மாலை கீழே இறங்கி வந்தார். டேங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“முதல் ரெண்டு வாரம் என்ன ஆச்சு?”

“நிர்வாகக் காரணங்கள்,” என்றேன்.

“கடைசி வாரத்தை மட்டும் வச்சு நான் எப்படி எழுதித் தர்றது? மூணு வாரம்னுதானே பேச்சு?”

அவர் சொன்னது சரிதான். இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, கணக்கு நேரான பிறகுதான் எழுதித் தந்தார். ஜனவரி நாலாம் தேதி ஆகிவிட்டது. மறுநாளே அவர் கடிதத்தையும் சங்கத்தின் சம்மதத்தையும் டேங்கின் சான்றிதழையும் இணைத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைத்து, ஓசூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் போனது. பொங்கல் போனது. நினைவூட்டல் எழுதினேன். தொலைபேசியில் அழைத்தால், எழுத்து மூலம் வந்ததற்கு எழுத்து மூலம்தான் பதில் தருவேன் என்றார் உரிமையாளர். வேறு யாராவது சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

ஜனவரி முப்பத்தொன்றும் வந்தது. மாலையில் பாய் கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சோபா பாதி உரித்த நிலையில் இருந்தது.

“சார், ஒப்பந்தம் இன்னியோட முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் கடை தெறக்கலாமா, கூடாதா? ரூல் இன்னா சொல்லுது?”

எனக்குத் தெரியும். திறக்கக் கூடாது. சாவியை வாங்கிக்கொண்டு, சங்கத்தின் பதிவேட்டில் எழுதி, உரிமையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டியவன் செயலாளர்.

“உள்ளே இருக்கிற சோபா யாருடையது?” என்றேன்.

“மூணாவது தெரு. நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள தரேன்னு சொல்லிகீறேன்.”

“அப்படியானால் தர வேண்டும்.”

மறுநாள் ஷட்டர் வழக்கம்போல் ஒன்பது மணிக்குத் திறந்தது. பதினொரு மணிக்குக் கம்ப்ரஸர் ஓடியது. ஒன்பது நாள் அந்தக் கடை எந்த ஒப்பந்தமும் இல்லாமல் நடந்தது. நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். சங்கத்தில் யாரும் புகார் எழுதவில்லை. மூன்று பிரதிகளில் எழுதுகிறவர்கள் ஒரு பிரதிகூட எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் பாய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பார். டீச்சர் மாடியிலிருந்து, “இன்னும் வரலையா?” என்று ஒரு நாள் கேட்டார். ஆபரேட்டர் லாக்கில் ‘தபால் இல்லை’ என்று தனியாக ஒரு வரி எழுத ஆரம்பித்தார். அதை நான் அடிக்கவில்லை.

பத்தாம் நாள் ஓசூரிலிருந்து பதில் வந்தது. நாலே வரி. மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்க ஆட்சேபணை இல்லை, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று இருந்தது. பாய் அதை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, தேதியில் தொடங்கி உரக்கப் படித்தார்: பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை.